கேட் ஷோபினோட லூசியானா கதைகள்: அடுத்து எத படிக்கலாம்?

நிலாவாசிப்பு:
நேத்து ராத்திரி கேட் ஷோபின்ங்கற 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளரோட 'டெஸிரேஸ் பேபி' படிச்சேன், சின்ன கதைதான், ஆனா முடிச்சப்புறம் தூக்கமே வரல. குழந்தைக்கு மூணு மாசம் ஆகும்போது வீட்டுல ஏதோ சரியில்லன்னு அந்தப் பொண்ணுக்குப் படுது, யாரும் வாய தொறக்க மாட்டேங்கறாங்க, அப்புறம் விசிறி வீசற கலப்பின அடிமைப் பையனையும் தன் குழந்தையையும் மாத்தி மாத்தி பாக்கறா பாருங்க, வயித்த பெசஞ்சிருச்சு. இந்த கிரியோல், கேஜன் எல்லாம் யாருங்க? அடிமை முறை தப்புன்னு ஒரு வரி கூட எழுதலையே, அத எப்படி எடுத்துக்கறது? அடுத்து எத படிக்கலாம்?

ஆத்தங்கரை:
இவங்க கதைல வர்ற கிரியோல்கள் பெரும்பாலும் அமெரிக்காவோட தெற்கு மாநிலமான லூசியானால குடியேறின பிரெஞ்சு, ஸ்பானிஷ்காரங்க வம்சம், தோட்டம் தொரவுன்னு வசதியானவங்க. கலப்பு வம்சத்து கிரியோல்களும் உண்டு. கேஜன்கள் வேற, 1755ல ஆரம்பிச்சு பிரிட்டிஷ்காரங்க இப்போ கனடால இருக்கற நோவா ஸ்கோஷியா பக்கத்துலேர்ந்து துரத்தின பிரெஞ்சு குடியானவங்களோட வாரிசுங்க. ரெண்டு பேருக்கும் பிரெஞ்சுதான், ஆனா சம்பந்தம்னு வந்தா அந்தஸ்து குறுக்க வந்துரும். 'அட் த கேடியன் பால்' படிங்க, அல்ஸேங்கற கிரியோல் தோட்டக்காரன் கேஜன் நடனத்துக்குப் போய் கலிக்ஸ்டாகிட்ட சிரிச்சுப் பேசுவான், சொந்த ஜாதிப் பொண்ணு க்ளாரிஸ் தேடி வந்ததும் கலிக்ஸ்டாவ அப்படியே விட்டுட்டுக் கெளம்பிருவான். அந்த நடனத்துக்கு வெள்ளைக்காரன் யார் வேணா வரலாம், ஆனா லெமனேடுக்கும் காபிக்கும் கோழி கம்போங்கற குழம்புக்கும் காசு குடுக்கணும்னு போற போக்குல ஒரு வரி வரும், அந்த ஊரோட சட்டமே அதுல இருக்கு.

ஷோபின் லூசியானால பொறந்தவங்க இல்ல, மிசூரி மாநிலத்து செயின்ட் லூயிஸ். 1870ல கல்யாணம் ஆகி லூசியானாவுல நியூ ஆர்லியன்ஸ் போனாங்க, புருஷனோட பருத்தி வியாபாரம் நொடிச்சதும் 1879ல அதே மாநிலத்துல க்ளூட்டியேவில்ங்கற சின்ன ஊரு. 1882ல அவர் இறந்துட்டாரு, ஆறு பிள்ளைங்க, கடன் வேற, கொஞ்ச நாள் கடையயும் தோட்டத்தயும் இவங்களே பாத்துக்கிட்டாங்க. 1884ல செயின்ட் லூயிஸ் திரும்பினப்புறம்தான் எழுத்து. யார் யார்கிட்ட எப்படிப் பேசுவாங்கங்கறது அவ்வளவு துல்லியமா வர்றதுக்கு அந்தக் கடை அனுபவம் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன்.

தேன்மொழி_ர:
முடிவு பத்தி சொல்றேன், படிக்காதவங்க தாண்டிப் போயிருங்க. தப்புன்னு நேரா சொல்லல, ஆனா கதை சொல்லுதுங்க. குழந்தை அழற சத்தம் லா பிளான்ஷ்ங்கற அடிமைப் பொண்ணோட குடிசை வரைக்கும் தன் புருஷன் அர்மான் காதுல விழுந்துச்சுன்னு டெஸிரே பெருமையா சொல்லுவா. அவனுக்கு அங்க என்ன வேலை? அந்த விசிறிப் பையன் லா பிளான்ஷோட மகன்தான்! கடைசில அர்மானோட அம்மா கடுதாசி வரும்போது யாரோட ரத்தத்த யார் மேல பழி போட்டாங்கன்னு தெரியுது. ஷோபின் பிரெஞ்சு சிறுகதை எழுத்தாளர் மாப்பசான மொழிபெயர்த்தவங்க, அந்த சுருக்கம் அங்கேர்ந்து வந்திருக்கும்.

அடுத்து 'லா பெல் ஸொராய்ட்' படிங்க. எஜமானி பாத்த மாப்பிள்ளைய வேணாம்னு மெஸோர்ங்கற இன்னொரு அடிமைய விரும்பின அடிமைப் பொண்ணு, அவன வித்துர்றாங்க, பொறந்த குழந்தை செத்துப் போச்சுன்னு பொய் சொல்றாங்க. அவ துணி மூட்டைய குழந்தைன்னு கட்டிக்கிட்டு இருக்கா, அப்புறம் நிஜக் குழந்தையக் கொண்டாந்து குடுத்தா வேணாம்னு தள்ளிர்றா. இத எஜமானிய தூங்க வைக்க ஒரு கறுப்பினப் பணிப்பெண் கதையா சொல்லிட்டு இருக்கா, அதான் எனக்குத் தாங்கல.

கருப்பட்டி:
கதை நல்ல கதைதான், ஆனா ஒண்ண மறந்துராதீங்க. ஷோபினோட புருஷன் ஆஸ்கர், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கெடைச்சத எதிர்த்த வெள்ளையர் லீக்ல இருந்தவரு, 1874ல நியூ ஆர்லியன்ஸ் கலவரத்துலயும் இருந்தாரு. 1894ல வந்த 'பேயு ஃபோக்' தொகுப்புல எஜமான் விசுவாசத்துல உருகற கறுப்பினப் பாத்திரங்கள் நெறைய, 'பியாண்ட் த பேயு'ல லா ஃபோல் மாதிரி. ஸொராய்ட் எழுதின அதே கைதான் இதையும் எழுதுச்சு. நான் ரெண்டையும் சேத்துதான் படிக்கச் சொல்வேன்.

ஆத்தங்கரை:
கருப்பட்டி சொல்றது சரி, சேத்தே படிக்கணும். நிலா, 'கேடியன் பால்' முடிச்சதும் 'த ஸ்டார்ம்' எடுங்க, அதே அல்ஸே, கலிக்ஸ்டா, அஞ்சு வருஷம் கழிச்சு, ஒரு புயல் மழைல. 1898ல எழுதி வச்சாங்க, உயிரோட இருந்தவரைக்கும் வெளியிடல, 1969ல தான் அச்சுக்கு வந்துச்சு. இதுலயும் யாரையும் தண்டிக்க மாட்டாங்க.