மறு: ‘சிப் ட்ரங்க்’: பள்ளித் தொலைபேசிக் கையேட்டுக்கு ஒரு சொல்

> ‘சிப் தண்டு’ போதாதா? அகராதியில் ‘ட்ரங்க்’ என்பதற்கு அடிமரம், தண்டு, தும்பிக்கை, பெட்டி எல்லாம் இருக்கின்றன.

தும்பிக்கையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதற்கு நன்றி! சிப் என்பது இணையம் வழியே அழைப்பை அமைக்கும் நெறிமுறை; பள்ளியின் தொலைபேசிகளை அதன்வழி வெளியுலகோடு இணைக்கும் சேவைதான் சிப் ட்ரங்க். தண்டு என்றதும் தடித்த வடம்தான் மனத்தில் வரும். இ1 எனும் பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்புக்கு அது பொருந்தும்: ஒரு வடத்தில் 30 அழைப்பு, 31ஆவதுக்கு இன்னொரு வடம். சிப் ட்ரங்க்கில் தனி வடமே கிடையாது. பேச்சும் இணைய இணைப்பிலேயே போகிறது. ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்பது சேவையாளர் வைக்கும் வரம்பையும் இணைய வேகத்தையும் பொறுத்தது. செலவு குறைவதும் அங்கேதான். 40 அறைகளில் கருவி இருந்தாலும் ஒரே சமயத்தில் வெளியே பேசுபவர்கள் ஏழெட்டுப் பேரைத் தாண்டுவது அரிது. வாங்குபவரோ கருவிகளை எண்ணி 40 கேட்டுவிடுகிறார்.

அதனால் கருவிக்கு ‘உள்ளெண்’, ட்ரங்க்கில் ஓர் அழைப்புக்கான இடத்துக்குப் ‘புறத்தடம்’. ‘40 உள்ளெண், 8 புறத்தடம்’ என்று எழுதினால் இரண்டும் வேறு என்பது படித்ததும் விளங்கும். முழு ட்ரங்க்கையும் சுட்ட ‘புறத்தடத் தொகுதி’.

> ‘வெளித்தடம்’ இன்னும் எளிது. ‘பொதுவழி’யும் உண்டு.

‘வெளியழைப்பு’ ஏற்கெனவே நாம் கூப்பிடும் அழைப்பைக் குறிக்கிறது. வெளித்தடத்தில் உள்வரும் அழைப்பு வராது என்று நினைத்துவிடுவார்கள். ‘வழி’ என்றால், கையேட்டின் பழுதுப் பக்கத்தில் உள்ள ‘ஒருவழி ஒலி’யோடு குழம்பும். நாம் பேசுவது கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது: சிப் செய்தியில் 192.168 என்று தொடங்கும், நம் வலைக்குள் மட்டுமே செல்லும் உள்முகவரி போய்விட, எதிர்முனை ஒலியை அங்கே அனுப்பித் தொலைக்கிறது. ரௌட்டரில் சிப் ஏஎல்ஜியை (சிப் செய்திகளில் உள்ள முகவரிகளைத் திருத்த முயலும் வசதியை) முதலில் அணைத்துப் பார்க்க வேண்டும்.

> ஜி.711 என்ற குரல் குறிமுறைக்கு நொடிக்கு 64 கிலோபிட், 8 புறத்தடத்துக்கு 512. சரிதானே?

இல்லை, 64 என்பது பேச்சு மட்டும். 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம். 160 பைட் பேச்சோடு, முகவரி முதலியவை கொண்ட 40 பைட் தலைப்பும் ஈதர்நெட்டின் 18 பைட்டும் சேர்ந்து ஓர் அழைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட். எட்டுக்கு 700, அதுவும் ஒவ்வொரு திசையிலும். பதிவேற்ற வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். பலரும் பதிவிறக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள்.

பழைய கருவிக்கு 48 வோல்ட் இணைப்பகத்திலிருந்தே வந்தது. இனி மின்சாரம் போனால் புறத்தடமும் போகும். கையேட்டின் வரையறையிலேயே ‘சுவிட்ச், ரௌட்டர், மோடம் மூன்றுக்கும் யுபிஎஸ் தேவை’ என்று சேர்த்துவிடலாம். தீயெச்சரிக்கைக் கருவியின் லைனைப் புறத்தடக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதை உடனே துண்டிக்கவும் கூடாது.