வடுத்தடுப்பியா, வடுத்தணிப்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

கண் அழுத்த நோய் (குளுக்கோமா) அறுவையில் தழும்பு கட்டாமல் இருக்க வைக்கும் மருந்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ‘வடுநீக்கி’ என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நீக்குவது என்றால் ஏற்கெனவே இருப்பதை எடுப்பது. இங்கே வடு இன்னும் உண்டாகவே இல்லை. ‘வடுத்தடுப்பி’ அதைவிட மேல். ஆனால் அதிலும் ஒரு நெருடல் இருக்கிறது: தடுப்பது என்றால் அடியோடு நிறுத்துவது.

கண் அழுத்தத்தைக் குறைக்கச் செய்யும் டிராபெகுலெக்டமி என்ற அறுவையில் நடப்பதைப் பாருங்கள். விழியின் வெள்ளைச் சுவரில் சிறிய மடல் ஒன்றை வெட்டி, அதன் அடியில் ஒரு துளை போடுகிறார்கள். உள்ளே தேங்கும் நீர் அவ்வழியே கசிந்து, விழி வெள்ளையின் மேல் போர்த்திய மெல்லிய சவ்வான இணைப்படலத்தின் அடியில் சேர்கிறது. உடம்புக்கு இது ஒரு காயம், அதை மூடத்தான் பார்க்கும். நார்த்திசு வளர்ந்து வழி அடைபட்டால் அழுத்தம் மறுபடி ஏறிவிடும். அதற்காக ஆறவே விடாமலும் செய்ய முடியாது. தைத்த இணைப்படலம் ஒட்டாவிட்டால் நீர் வெளியே ஒழுகும், அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கும், கிருமியும் நுழையும். மேலே புண் ஆற வேண்டும், கீழே வழி தூர்ந்துபோகக் கூடாது. இதற்குத் ‘தணித்தல்’தான் பொருந்துகிறது. எனவே என் பரிந்துரை: வடுத்தணிப்பி.

அடுத்து, மருந்தைச் சேர்க்கும் முறைகள். மைட்டோமைசின் சி என்ற வடுத்தணிப்பியைப் பஞ்சில் நனைத்து வைப்பதை ‘ஒற்று முறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான். ஆனால் ஒற்றுவது என்பது தொட்டு எடுப்பது. இங்கே அப்படி இல்லை. ஊதா நிற மருந்தில் ஊறிய சிறு பஞ்சுத் துண்டுகளை இணைப்படலத்தைத் தூக்கி அதன் அடியில் செருகுகிறார்கள். வெட்டிய விளிம்பில் மருந்து படாமல் இடுக்கியால் விலக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். கடிகாரம் பார்த்து ஓரிரு நிமிடமோ சற்றுக் கூடுதலாகவோ விட்டு, துண்டுகளை எண்ணி எடுத்து, உப்புநீரால் நன்றாகக் கழுவுகிறார்கள். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் தொல்லை. ஆகவே ‘பஞ்சு வைப்பு’ என்றே சொல்லலாம். ‘மருந்து வைத்துக் கட்டு’ என்று நாம் பேசுவதுதானே?

மற்றது, அதே மருந்தை இணைப்படலத்தின் அடியில் ஊசியால் செலுத்துவது. இதற்கு ‘அடியூசி’ போதும் என்பேன். எத்தனை மைக்ரோகிராம் உள்ளே போனது என்று இதில் கணக்குச் சொல்ல முடியும். பஞ்சில் அது முடியாது, பஞ்சின் அளவையும் ஊறலையும் பொறுத்து மாறும். ஆனால் போட்ட மருந்தைப் பஞ்சைப் போல உருவி எடுக்க வழியில்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் அழுத்தம் குறைவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அடியூசி போட்ட கண்களில் நீர் தேங்கும் புடைப்பு இன்னும் பரந்து, தாழ்ந்து அமைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பஞ்சை ஒரே இடத்தில் குவிக்காமல் பரவலாக வைப்பதும் இதே பலனுக்காகத்தான். இந்தப் புடைப்பைக் ‘கொப்புளம்’ என்று எழுத வேண்டாம். படிக்கும் நோயாளி தீப்புண்ணை நினைத்துப் பயந்துவிடுவார். ‘வடிகுமிழ்’ நல்ல சொல், அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஃபுளோரோயுராசில் என்ற இன்னொரு வடுத்தணிப்பியை அறுவைக்குப் பிந்திய நாட்களிலும் ஊசியாகப் போடுகிறார்கள். இடம் அதேதான், இணைப்படலத்தின் அடி. அதையும் அடியூசி என்றால், அறுவை மேசையில் போட்டதா, பிறகு போட்டதா என்று படிப்பவருக்குத் தெரியாது. பின்னதை மட்டும் ‘பின்னூசி’ எனலாமா? கண் மருத்துவத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.