ஊட்டியில் துளைத்தகடு முகப்பு: ஜிஐ போடலாமா?

கேள்வி
சரிவில் நிற்கும் இரண்டு மாடி விடுதி. மேற்கு முகப்பு 9 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். கண்ணாடிக்கு முன்னால் 2 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, 10 மி.மீ. வட்டத் துளை, 15 மி.மீ. பிட்ச் (துளை மையத்துக்கு மையம் இடைவெளி) என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஜூன், ஜூலையில் காற்றும் சாரலும் நேராக வந்து அடிக்கும் பக்கம். தாங்குமா? தெற்கிலும் இதையே தொடரலாமா?

பதில் 1
துளை அளவு சரி, தகடுதான் தப்பு. முக்கோண வரிசையில் இந்த அளவுக்குத் திறப்பு 40 சதவீதம்; சதுர மீட்டருக்குச் சுமார் 5,100 துளை. அத்தனை விளிம்பையும் நீட்டிப் போட்டால் 160 மீட்டர் வரும். ஜிஐயில் துளை போட்டதும் அந்த 160 மீட்டரும் துத்தநாகம் இல்லாத வெறும் இரும்பு. ஊட்டி மூடுபனியில் துரு அங்கேதான் தொடங்கும், பிறகு சுவரெல்லாம் பழுப்புக் கோடு. துளை போட்டபின் துத்தநாகத்தில் முக்கி எடுக்கலாமே என்பார்கள், 2 மி.மீ. தகடு சூட்டில் நெளியலாம், சில துளைகள் அடைபடவும் கூடும்.

3 மி.மீ. அலுமினியம் போடுங்கள். துளை போக மீதி எடை சதுர மீட்டருக்கு 5 கிலோகூட வராது. துளை, மடிப்பு எல்லாம் முடிந்த பிறகே பவுடர் கோட்டிங். கீழ் மடிப்பில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம். அதை மறந்தால் பாசி அங்கேயே பிடிக்கும்.

பதில் 2
மேலே சொன்னதோடு: தகட்டைத் தாங்கும் பின்சட்டம் இரும்பு என்றால் அலுமினியம் நேராக அதில் படக்கூடாது. ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். இடையில் ஈபிடிஎம் (வெயில், மழை தாங்கும்) ரப்பர், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ, நைலான் வாஷர் வையுங்கள். 2.4 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 2 மி.மீ.க்கு மேல் நீளும். ஒரு முனையை இறுக்கி, மற்ற இடங்களில் நீள்துளை விடுங்கள். இல்லாவிட்டால் தகடு உப்பும்.

40 சதவீதம் திறப்புதானே என்று காற்றுச் சுமையில் 40 சதவீதம் கழிக்க வேண்டாம். முழுத் தகடாகவே கணக்கிடச் சொல்லுங்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 பகுதி 3-இல், சரிவில் காற்று வேகம் கூடுவதற்கென்றே உள்ள கே3 என்ற பெருக்குக் காரணி 1.36 வரை போகும். கொட்டேஷனில் அதை 1 என்று போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3
தெற்கில் வேண்டாம் சார். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும்; உறைபனி விழும் ஊரில் அந்த வெயிலை மறைத்தால் அறை குளிரும், ஹீட்டர் செலவு ஏறும். மேற்கில் மாலைக் கண்கூச்சத்துக்கு நல்லது. ஆனால் சாரல் துளை வழியே உள்ளே வரும், ஆகவே ஜன்னல் இடுக்குகளை அடைக்கும் சிலிகான் வேலையைத் தகடு இல்லை என்றே நினைத்துச் செய்ய வேண்டும். தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 600 மி.மீ. விடுங்கள், ஆள் நுழைந்து பாசியைத் துடைக்க அவ்வளவாவது வேண்டும்.