“இப்பதான் க்ளீனா இருக்கு”ன்னு நம்பிச் செஞ்சது: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

ஒற்றைக்கோடு:
நாலு வருஷம் ஆச்சு. இன்னும் டேப் கீயில கை பட்டா அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வருது.

உங்களுக்கே தெரியும், வெப்சைட்ல டேப் அடிச்சு ஒரு பட்டனுக்குப் போனா சுத்தி ஒரு நீலக் கோடு விழும். கிளையன்ட்டுக்கு அது பிடிக்கல, எனக்கும் பிடிக்கல. பக்கத்தோட தோற்றத்தை எழுதற சிஎஸ்எஸ்ல ஒரே வரி, அந்தக் கோட்டை மொத்தமா எடுத்துட்டேன். “இப்பதான் க்ளீனா இருக்கு”ன்னாங்க. அது பிரவுசர் தானா போடற அலங்காரம்னுதான் நினைச்சிருந்தேன்.

தளத்தை வெளியிடறதுக்கு முன்னாடி சிலரை வரவழைச்சு உபயோகிச்சுப் பார்க்கச் சொன்னோம். ஒருத்தருக்குக் கை நடுக்கம். மௌஸ் பிடிக்க முடியாது, எல்லாமே கீபோர்டுதான். விண்ணப்பத்தை நிரப்பி முடிச்சுட்டு டேப் அடிச்சார். திரையில ஒண்ணுமே மாறல. மறுபடி அடிச்சார். பக்கத்துல உக்காந்து எண்ணிட்டிருந்தேன், 17 தடவை. அப்புறம் என்டர் தட்டினார். நிரப்பினது அத்தனையும் அழிஞ்சு போச்சு. அவர் நின்னது “அழி” பட்டன் மேல. கோபப்படவே இல்ல. திரையைப் பார்த்தபடியே “தம்பி, நான் இப்ப எங்க இருக்கேன்?”னு கேட்டார்.

எனக்கும் தெரியல. அதைக் காட்டற கோட்டைத்தான் நான் எடுத்துட்டேனே.

இதுதான் சரின்னு நம்பிச் செஞ்சதுல எதிர்ல ஒருத்தர் தடுமாறினதைப் பார்த்தவங்க எழுதுங்க.

வெளிர்மை:
எனக்கு சாம்பல் எழுத்து. வெள்ளைப் பின்னணியில மெல்லிசா சாம்பல், நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அதுதான் நாகரிகம். ஆபீஸ் மானிட்டர்ல அவ்வளவு அழகா இருக்கும். எங்க அம்மா வாசல் வெளிச்சத்துல ஃபோனைச் சாய்ச்சுப் பார்த்தாங்க, கையால மறைச்சுப் பார்த்தாங்க, கடைசியில என்கிட்ட நீட்டி “நீயே படிச்சுச் சொல்லு”ன்னாங்க. அது நான் செஞ்ச பக்கம்னு அவங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லல.

அன்னிக்கு ராத்திரி கணக்குப் பார்த்தேன். சாதாரண அளவு எழுத்துக்கு கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், குறைஞ்சது 4.5:1 வேணும்னு 2008ல வந்த டபிள்யூசிஏஜி 2.0லயே இருக்கு, எல்லாரும் பயன்படுத்தற மாதிரி பக்கம் செய்யறதுக்கான வழிகாட்டி அது. நான் வெச்சிருந்த சாம்பலோட நிற எண் #999999, வெள்ளை மேல 2.85தான். #767676னா 4.54, தேறிடும். அதுக்கு ஒரே ஒரு படி வெளிறின #777777 வெச்சா 4.48, தேறாது. சாம்பல்தான் வேணும்னாலும் இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்த்திருக்கலாம்.

படிக்கட்டு:
ஒற்றைக்கோடு, நீங்க தப்பான இடத்துல வருத்தப்படறீங்க. அந்த விண்ணப்பத்தை அழிச்சது கோடு இல்ல, “அனுப்பு” பக்கத்துல நீங்க கொண்டு வந்து வெச்ச “அழி” பட்டன். பக்கம் பக்கமா நிரப்பிட்டு எல்லாத்தையும் ஒரே தட்டுல அழிக்கணும்னு யார் கேட்டாங்க?

என் கதை மூணு கிளிக் விதி. எதுவா இருந்தாலும் மூணு கிளிக்குக்குள்ள காட்டணும், இல்லேன்னா ஆள் போயிடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நானும் நிறைய பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். அதுக்காக ஒரே மெனுவுல 64 இணைப்பை அடுக்கினேன். ஒரு அம்மா திரையில விரலை வெச்சு ஒவ்வொரு வரியா இறக்கிட்டு வந்தாங்க. பாதியில ஃபோன் அடிச்சது, பேசிட்டு வெச்சாங்க. விரல் எந்த வரியில இருந்துச்சுன்னு மறந்து போச்சு. மறுபடி மேலேர்ந்து ஆரம்பிச்சாங்க.

2003லயே ஜோஷுவா போர்ட்டர்ங்கற ஆய்வாளர் இந்த விதியைச் சோதிச்சுப் பார்த்து எழுதியிருக்கார். மூணு கிளிக் தாண்டினதும் அனேகமா யாரும் விட்டுட்டுப் போயிடல. அதை நான் படிச்சது 64 இணைப்பையும் அடுக்கி முடிச்ச பிறகு.

அரைப்புள்ளி:
படிக்கட்டு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். அழி பட்டனே இல்லாம இருந்திருந்தாலும் அந்தப் பெரியவர் வேற எங்கேயாவது போய் மாட்டியிருப்பார். நிக்கற இடம் தெரியலேங்கறதுதான் மூலம். நான் செஞ்ச வெப்பக்கத்துல ஒருத்தர் கீபோர்டால மெனுவைத் திறந்துட்டு, மூட வழியில்லாம பிரவுசரையே மூடிட்டுப் போனார்.

ஒற்றைக்கோடு, இப்படிச் செய்ங்க. கோட்டை எடுக்காதீங்க, சிஎஸ்எஸ்ல ஃபோகஸ்-விசிபிள்னு ஒண்ணு இருக்கு, அதுல எழுதுங்க. பட்டனை மௌஸால அமுக்கினா கோடு வராது, கீபோர்டுல வந்தா வரும், உங்க கிளையன்ட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டார். 2022 மார்ச்ல சஃபாரி 15.4லயும் வந்துடுச்சு, பெரிய பிரவுசர் எல்லாத்துலயும் ஓடும். கோடு 2 பிக்சலாவது இருக்கட்டும், பின்னணியோட 3:1 கான்ட்ராஸ்ட் இருக்கட்டும். டிவ்வுக்கு, அதாவது வெறும் கட்டத்துக்கு, நிறம் பூசி பட்டன் மாதிரி காட்டாதீங்க, அதுல டேப் நிக்கவே நிக்காது. நிஜ பட்டன் போட்டா என்டர், ஸ்பேஸ் ரெண்டும் தானா வேலை செய்யும். டேப்இன்டெக்ஸ்ல 1, 2, 3ன்னு எண் குடுத்து டேப் போற வரிசையை நீங்களா மாத்தாதீங்க. பாப்-அப் திறந்தா ஃபோகஸ், அதாவது கீபோர்டு நிக்கற இடம், அதுக்குள்ள போகணும், எஸ்கேப் அடிச்சா மூடணும், மூடினதும் திறந்த பட்டனுக்கே திரும்பி வரணும். இன்னொண்ணு, லேபிளுக்குப் பதிலா கட்டத்துக்குள்ள மங்கலா எழுதி வைக்கறதையும் விட்டுடுங்க. டைப் பண்ண ஆரம்பிச்சதும் அது மறைஞ்சுடும், எதைக் கேட்டாங்கன்னு பாதியில மறந்தா அடிச்சதை அழிச்சுத்தான் பார்க்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி மௌஸைக் கழட்டி அலமாரியில வெச்சுட்டு அரை நாள் வேலை பாருங்க.

ஒற்றைக்கோடு:
அரைப்புள்ளி, அடுத்த வாரமே மாத்தியாச்சுங்க. எப்படித் திருத்தறதுன்னு கேட்டு நான் எழுதல. அவர் அந்த விண்ணப்பத்தை முதல்லேர்ந்து திரும்ப நிரப்பினார், இடது கையால வலது கையைப் பிடிச்சுக்கிட்டு. போதும் ஐயான்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. அதைத்தான் யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. படிக்கட்டு சொன்னதும் சரிதான். அழி பட்டனை யாரும் கேக்கல, எல்லா ஃபார்ம்லயும் இருக்குமேன்னு நான்தான் வெச்சேன்.

செவிவழி:
நான் டிசைனர் இல்ல. உங்க பக்கங்களைக் காதால படிக்கறவ, பார்வை கிடையாது.

படத்துல என்ன இருக்குன்னு சொல்ல அதுக்குக் குடுக்கற ஆல்ட் எழுத்து தேடுபொறிக்காகன்னு பல பேர் நினைக்கறாங்க. ஒரு நாள் செருப்பு வாங்கப் போனேன். முதல் படத்துக்கு வந்ததும், திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடர் சொல்லுது, “காலணி, மலிவு காலணி, பெண்கள் காலணி, சிறந்த காலணி, காலணி வாங்க”. அடுத்த படத்துக்குப் போனேன், அதே வரி. அதுக்கடுத்ததும் அதே. அந்தப் பக்கத்துல 12 படம். அலங்காரத்துக்கு வெச்ச படம்னா ஆல்ட்டைக் காலியா விட்டுடலாம், நாங்க தாண்டிப் போயிடுவோம். இது நான் காசு குடுத்து வாங்கற பொருளோட படம்.

ஒற்றைக்கோடு அண்ணா, அந்தப் பெரியவர் உங்ககிட்ட கேட்ட கேள்வியை நான் ஸ்க்ரீன் ரீடர்கிட்ட கேப்பேன். நான் வெச்சிருக்கற ஸ்க்ரீன் ரீடர் என்விடிஏ, அதோட கீயையும் டேபையும் சேர்த்து அமுக்கினா நான் எதுல நிக்கறேன்னு சொல்லும். அன்னிக்கு 12 தடவை அமுக்கினேன். 12 தடவையும் அதே வரிதான் வந்தது. அதுல கறுப்பு எதுன்னு கடைசி வரைக்கும் தெரியல.