புதுப்பிப்பு: தென் கொரியாவில் மார்ச் பருவத்தில் சேரும் ஆங்கில ஆசிரியர்களுக்கு

தென் கொரியத் தொடக்கப் பள்ளிகளில் மார்ச் 2 அன்று பருவம் தொடங்குமுன் முதல் வாரப் பாடங்களை முழுக்கத் தயாரித்து வைக்கச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். அந்த வாரம் அட்டவணை அடிக்கடி மாறும். 40 நிமிட அறிமுகப் பாடம் ஒன்று போதும். 20 நிமிடத்தில் நிறுத்தினாலும் அரைகுறையாகத் தெரியாதபடி அமையுங்கள்.

கொரியப் பிள்ளைகளின் ஆங்கில உச்சரிப்பை எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். கொரியச் சொல் 'ஸ்' ஒலியில் முடியாது. அதனால் 'பஸ்' அங்கே 'பொஸு' என்று ஈரசையாகிவிடும். கடைசியில் ஒட்டும் அந்த உகரம் ஏறக்குறைய நம் குற்றியலுகரமேதான். நாமும் 'பஸ்ஸு' என்கிறோமே! திரும்பத் திரும்பத் திருத்தினால் பிள்ளைகள் பேசவே தயங்குவார்கள். கை தட்டச் சொல்லுங்கள்: 'பஸ்' ஒரே தட்டு. இரண்டாவது தட்டுக்குக் கை எழும்போதே பிழை எங்கே என்று அவர்களுக்கே புரிந்துவிடும். அடுத்து 'டெஸ்க்', அதுவும் ஒரே தட்டு.

வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு வந்திறங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டிமோதுவார்கள். விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டிய மருத்துவ அறிக்கை கைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஹைகொரியா என்னும் அரசின் குடிவரவுத் தளத்தில், அலுவலகத்துக்குப் போவதற்கான நேரத்தை முதலில் பதிவு செய்துவிடுங்கள்.

பள்ளிக்குள் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு ஒரு ஜோடி கட்டாயம்.