ஷாட்டுக்கு ஒரு டிக்: பல்ஸ் எக்ஸ்-ரே அனுபவங்கள்

கையில் தூக்கிப் போகிற அளவில் ஒரு பல்ஸ் எக்ஸ்-ரே பெட்டி எங்கள் கூடத்துக்குச் சோதனைக்கு வந்தது. எக்ஸ்-ரேயைத் தொடர்ந்து விடாமல், ஷாட் ஷாட்டாக, நொடிப்பொழுதுத் துடிப்புகளாக வெளிவிடுகிற கருவி. 150 கிலோவோல்ட், ஷாட் ஒன்றுக்கு சுமார் 50 நானோசெகண்ட் (நானோசெகண்ட் என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). கொண்டுவந்தவர்கள் பக்கத்தில் கைகர் கவுண்டரை (கதிர் பட்டால் 'டிக்' என்று எண்ணும் கருவி) வைத்துச் சுட்டுக் காட்டினார்கள். ஷாட்டுக்கு ஒரு 'டிக்', அவ்வளவுதான். "பாருங்க சார், கதிர்வீச்சு ஒண்ணும் பெரிசா இல்ல" என்றார்கள்.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி பதிலே சொல்லவில்லை. கவுண்டரை இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்தி வைத்து, மறுபடி சுடச் சொன்னார். அங்கேயும் ஷாட்டுக்கு ஒரு டிக். தூரம் இரட்டித்தால் அளவு கால்வாசியாகக் குறைய வேண்டுமே! குறையவில்லை என்றால் அந்தக் கருவி கதிரை அளக்கவில்லை, ஷாட்டை எண்ணிக்கொண்டிருக்கிறது. கைகர் குழாய் ஒருமுறை தூண்டப்பட்டால் ஏறக்குறைய 100 மைக்ரோசெகண்ட், அதாவது ஷாட்டைவிட இரண்டாயிரம் மடங்கு நேரம், செவிடாகிவிடும். அந்த 50 நானோசெகண்டில் ஆயிரம் ஃபோட்டான் (கதிர்த் துகள்) வந்தாலும் கோடி வந்தாலும் அதன் கணக்கு ஒன்றுதான்.

அப்புறம் டிஎல்டி சில்லுகளை (வாங்கிய கதிரைச் சேர்த்துவைத்து, பிறகு சூடாக்கினால் ஒளியாகக் காட்டுபவை) ஒட்டி, வரிசையாகப் பல ஷாட் சுட்டு, சேர்ந்த டோஸை (கதிர் அளவை) ஷாட் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தோம். ஈயத் தடுப்பு எவ்வளவு கனம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அயனி அறையையும் (கதிர் காற்றில் உண்டாக்கும் அயனிகளை மின்முனையில் சேகரித்து அளக்கும் கருவி) இந்த வேலையில் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒரே நொடிப்பொழுதில் அயனிகள் நெருக்கமாக உருவாவதால், மின்முனையை எட்டும் முன்பே ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அளவு குறைவாகத் தெரியும்.

* * *

இன்னொரு முறை எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர்: வராத எக்ஸ்-ரே திரையில் தெரிந்தது. டிடெக்டராக, எக்ஸ்-ரே பட்டால் ஒளிரும் சின்டில்லேட்டரும் அந்த ஒளியை மின் சிக்னலாக்கும் போட்டோமல்டிப்ளையரும் வைத்திருந்தோம். மார்க்ஸ் ஜெனரேட்டர் (கெபாசிட்டர்களைத் தனித்தனியே ஏற்றி, ஒரே தொடராக இணைத்து உயர் மின்னழுத்தம் தருவது) சுட்டதும், சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் அழகான ஒரு பல்ஸ். எல்லோருக்கும் சந்தோஷம். கூட இருந்த மூத்தவர் டிடெக்டருக்கு முன்னால் ஒரு தடித்த ஈயக்கட்டியை வைத்தார். எக்ஸ்-ரே என்றால் ஈயம் தடுத்திருக்கும்; பல்ஸோ குறையாமல் அப்படியே இருந்தது! ஜெனரேட்டருக்குள் தீப்பொறி பாய்ந்து சுவிட்சாக வேலை செய்யும் இடைவெளியான ஸ்பார்க் கேப்பிலிருந்து கிளம்பிய மின்காந்த இரைச்சல், நேராக ஆஸிலோஸ்கோப்புக்குள்ளேயே புகுந்திருக்கிறது. டிடெக்டரிலிருந்து ஆஸிலோஸ்கோப்புக்கு வரும் கோஆக்ஸ் கேபிளை வேண்டுமென்றே நீளமாக்கினோம். கேபிளில் வரும் சிக்னல் மீட்டருக்கு 5 நானோசெகண்ட் பிந்தும். காற்றில் வரும் இரைச்சல் காத்திருக்காது. இரண்டும் பிரிந்த பிறகுதான் உண்மையான எக்ஸ்-ரே பல்ஸைப் பார்த்தோம். குட்டியாக இருந்தது.

* * *

மார்க்ஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வடிவமைத்து வந்த ஒரு யூனிட்டில் ஷாட்டுக்கு ஷாட் பற்றும் நேரம் தடுமாறியது. உள்ளே ஒவ்வொரு ஸ்பார்க் கேப்புக்கும் நடுவில் அக்ரிலிக் தடுப்பு, பார்க்க ரொம்ப நேர்த்தி. ஆனால் முதல் கேப்பின் புறஊதா ஒளி அடுத்த கேப்பில் பட்டால்தான் அது சட்டென்று பற்றும்; அக்ரிலிக் அந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தடுப்புகளைக் கழற்றினோம், தடுமாற்றம் நன்றாகவே குறைந்தது.

* * *

கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெபாசிட்டரை ஒருமுறை ஷார்ட் செய்துவிட்டுக் கம்பியை எடுத்துவிடாதீர்கள். மின்காப்புப் பொருளுக்குள் தங்கிய மின்னூட்டம் கொஞ்ச நேரத்தில் முனைகளுக்குத் திரும்பும். வேலை முடியும்வரை எர்த் கம்பி மாட்டியே இருக்கட்டும்.