நான் கழித்துவிட்ட இருட்டு

2009 ஜூலைத் தொடக்கத்தில், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் தந்திருந்த பணி ஆணையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, சந்திரயான்-1 அனுப்பும் தரவுகளை நம்பி, நிலவின் கனிமங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். விண்கலம் தன் திசையை அறிய உதவும் விண்மீன் உணரிகள் பழுதாகிவிட்டன என்ற செய்தி அதே மாதம் வெளியானது. ஆகஸ்ட் 29 அன்று தொடர்பே அறுந்தது. இரண்டு ஆண்டுகள் உழைக்க வேண்டிய கலம் 312 நாட்களில் ஓய்ந்துவிட, திருநெல்வேலியிலிருந்து அப்பா தொலைபேசியில் கேட்டார்: “அதுதான் போயிட்டுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்லா, இனி நீ என்னத்தப் படிப்ப?” என்னிடம் பதில் இல்லை.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. அக்கலத்தில் சென்ற நாசாவின் எம்3 நிறமாலைக் கருவி நிலவின் மேற்பரப்பில் நீரின் தடயத்தைக் கண்டதாக அறிவிப்பு வந்தது. அந்தக் கருவி கனிமங்களைப் பிரித்தறியச் செய்யப்பட்டது. அதன் பார்வை 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தோடு முடிந்துவிடும். நீரும், ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்த ஹைட்ராக்சிலும் ஒளியை உட்கவர்வதன் அடையாளமோ 2.8 முதல் 3 வரையில், அதாவது அந்தப் பார்வையின் கடைசி ஓரத்தில்தான் சிக்கியது. நிலவு முற்றிலும் வறண்டது என்றே அதுவரை கருதப்பட்டதால், ஆய்வுக் குழுவினர் முதலில் தங்கள் அளவுத்திருத்தத்தையே சந்தேகித்தனர். 1999இல் நிலவைக் கடந்து சென்ற காசினி விண்கலத்தின் பழைய பதிவுகளும், 2009 ஜூனில் டீப் இம்பாக்ட் கலம் எடுத்த பதிவுகளும் அதையே காட்டிய பிறகுதான் வெளியிட்டனர். எவரும் சீந்தாதிருந்த என் தலைப்புக்கு ஒரே வாரத்தில் மதிப்பு வந்தது. அதில் என் பங்கு, விலகாமல் இருந்தது மட்டுமே.

பகிர விரும்பியது அதற்குப் பின் நடந்தது. துருவப் பகுதிகளில் ஒளி குறைந்த படப்புள்ளிகளை எல்லாம் இரைச்சல் என்று நீக்கிவிடும்படி என் கணினி நிரலை அமைத்திருந்தேன். ஒரு பயிலரங்கில் இளங்கலை மாணவி ஒருவர், பள்ளங்களின் சுவர்களில் பட்டுச் சிதறும் ஒளி, வெயில் நேரே படாத அவற்றின் நிரந்தர நிழலுக்குள்ளும் கொஞ்சம் விழுமே, அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அதில் பயன் இருக்காது என்று நான் உறுதியாகச் சொன்னேன். நெறியாளரும் தலையசைத்தார்.

2018 ஆகஸ்டில், அதே எம்3 தரவுகளில், அதே சிதறல் ஒளியைக் கொண்டு, இரு துருவங்களிலும் மேற்பரப்பில் பனிக்கட்டி வெளிப்பட்டிருப்பதை வேறொரு குழு நிறுவியது. பனி தென்பட்டது குளிர்ந்த நிழற்பகுதிகளில் ஏறத்தாழ 3.5 சதவீதத்தில் மட்டுமே; ஆகவே, நான் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன் என்று சொல்லத் துணிவில்லை. அவர்களுடையதை அதிர்ஷ்டம் என்று தள்ளுவதும் நேர்மையாகாது. அன்றிரவு பழைய நிரலைத் திறந்து பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் நானே குறித்து வைத்திருந்தேன்: ‘தேவையற்ற பகுதி’.